டைட்ரேஷன் வச்சு ஆசிட்டோட செறிவு கண்டுபிடிக்கிறது: அடிக்கடி வர்ற கேள்விகள்

செறிவு தெரிஞ்ச பேஸ (காரத்த) பியூரெட்ங்கற அளவுக் குழாய்லருந்து சொட்டுச் சொட்டா ஆசிட்ல விட்டு, ஆசிட் முழுசா தீர எவ்ளோ ஆச்சுன்னு பாத்து ஆசிட்டோட செறிவ கண்டுபிடிக்கிறதுதான் டைட்ரேஷன். பிளஸ் டூ பசங்க, பிஎஸ்சி முதல் வருஷம், லேப்ல புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க, எல்லாரும் கேக்குறது சுத்திச் சுத்தி ஒரே கேள்விகள்தான், அதனால மொத்தமா ஒரு இடத்துல எழுதிடலாம்னு இது. உதாரணத்துக்கு கடையில விக்கிற வெள்ளை வினிகர எடுத்துக்குறேன், ஏன்னா அது எல்லாருக்கும் கிடைக்கும், பாட்டில்லயே 4% இல்ல 5%னு போட்டுருப்பான், நம்ம விடை சரியான்னு ஒப்பிட்டும் பாத்துக்கலாம்.

வி1 என்1 = வி2 என்2, அதுல போட்டா விடை வந்துருமே, இதுல கேள்வி கேக்க என்ன இருக்கு?

வந்துரும், நார்மாலிட்டியில இருக்குற வரைக்கும் (வி வால்யூம், என் நார்மாலிட்டி, அதாவது லிட்டருக்கு எத்தனை மோல் எச் பிளஸ் அயனி குடுக்கும்ங்கறது; எம் மோலாரிட்டி, லிட்டருக்கு எத்தனை மோல் ஆசிட்ங்கறது). பிரச்சனை எங்க வருதுன்னா, என் இருக்குற இடத்துல எம்ம போட்டு அதே பார்முலாவ ஓட்டும்போது. ஹைட்ரோகுளோரிக், அசிட்டிக் மாதிரி ஒரு எச் பிளஸ் குடுக்குற ஆசிட்னா தப்பிச்சுருவீங்க, சல்ஃபூரிக் வந்தா விடை டபுளாகி நிக்கும், ஏன் தப்புன்னும் தெரியாது.

அதனால நான் சொல்றது பார்முலாவ கொஞ்சம் ஓரமா வச்சுட்டு மோல எண்ணுங்கன்னுதான். மோலாரிட்டிய மில்லியால பெருக்குனா மில்லிமோல் கிடைக்கும். முதல்ல பேஸ் எத்தனை மில்லிமோல் போச்சுன்னு பாருங்க, அப்புறம் அந்த ஆசிட் ஒரு மோலுக்கு எத்தனை மோல் பேஸ் சாப்பிடும்னு பாத்து வகுங்க, அப்புறம் கோனிக்கல் பிளாஸ்க்ல எத்தனை மில்லி ஆசிட் எடுத்தீங்களோ அதால வகுங்க. அவ்ளோதான், எந்த ஆசிட் வந்தாலும் இதே வழிதான்.

முழுசா ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

சரி, வினிகர். 25 மில்லி வினிகர பிப்பெட்ல எடுத்து 250 மில்லி ஸ்டாண்டர்ட் பிளாஸ்க்ல விட்டு, காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்தி கோடு வரைக்கும் நிரப்பி, மூடி போட்டு நல்லா தலைகீழா கவுத்துக் கவுத்துக் கலக்கிக்குங்க (இந்தக் கலக்குறத நிறைய பேர் பேருக்குச் செய்றாங்க, அப்புறம் ஒவ்வொரு ரீடிங்கும் ஒவ்வொரு மாதிரி வருதுன்னு பியூரெட்ட திட்டுறது). இதுலருந்து 20 மில்லி கோனிக்கல் பிளாஸ்க்ல, ரெண்டு சொட்டு பினாப்தலீன் (ஆசிட் தீந்ததும் பிங்க்காகிக் காட்டுற இண்டிகேட்டர்). பியூரெட்ல சோடியம் ஹைட்ராக்சைடு, அதோட செறிவு ஏற்கனவே கண்டுபிடிச்சு வச்சது 0.0980 எம். (அது எப்படி வந்துச்சுன்னு கீழ சொல்றேன்.)

ரீடிங் இப்படி வந்துச்சுன்னு வச்சுக்குங்க: 0.0லருந்து 14.3, அப்புறம் 14.3லருந்து 28.4, அப்புறம் 28.4லருந்து 42.5. அதாவது 14.3, 14.1, 14.1. முதல்ல வந்தது அவசரத்துல மூணு நாலு சொட்டு கூடப் போனது, அத விட்டுடலாம், கன்கார்டன்ட் வேல்யூ (ஒன்னோட ஒன்னு ஒத்து வர்ற ரீடிங்) 14.1.

பேஸ்: 14.1 × 0.0980 = 1.382 மில்லிமோல்.
அசிட்டிக் ஆசிட் ஒன்னுக்கு ஒன்னு, அதனால ஆசிட்டும் 1.382 மில்லிமோல்.
அது இருந்தது 20 மில்லில: 1.382 ÷ 20 = 0.0691 எம்.

இங்கயே நிறுத்திட்டு விடைன்னு எழுதிடாதீங்க, இது டைல்யூட் பண்ணதோட செறிவு. பத்து மடங்கு டைல்யூட் பண்ணிருக்கோம், அதனால பாட்டில்ல இருக்குற வினிகர் 0.691 எம்.

கிராம்ல வேணும்னா அசிட்டிக் ஆசிட்டோட மோலார் நிறை 60.05, பெருக்குனா லிட்டருக்கு 41.5 கிராம், அதாவது 100 மில்லிக்கு 4.15 கிராம். பாட்டில்ல 4%னு இருந்தா சரியாத்தான் போட்டுருக்கான். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி வினிகர்ல குறைஞ்சது 3.75% அசிட்டிக் ஆசிட் இருக்கணும், அதையும் தாண்டிடுச்சு.

வினிகர எதுக்கு டைல்யூட் பண்ணனும்? நேரா 20 மில்லி எடுத்தா என்ன?

எடுங்க, பியூரெட்ட மூணு தடவ நிரப்ப வேண்டி வரும். 20 × 0.691 ÷ 0.0980 போட்டுப் பாருங்க, 141 மில்லி. ஒவ்வொரு தடவ நிரப்பும்போதும் ரீடிங் எடுக்குற தப்பு கூடிக்கிட்டே போகும்.

அப்ப 2 மில்லி நேரா எடுத்துக்கலாமேன்னு கேப்பீங்க. கணக்குப்படி எடுக்கலாம், ஆனா 2 மில்லில 0.05 மில்லி ஏறக்கொறைய போனாலே 2.5% தப்பு, 20 மில்லில அதே 0.05 போனா 0.25%தான். பெரிய பிப்பெட், பெரிய ஸ்டாண்டர்ட் பிளாஸ்க் வச்சு டைல்யூட் பண்றது அதுக்குத்தான்.

சோடியம் ஹைட்ராக்சைடு 4 கிராம் எடை போட்டு ஒரு லிட்டர்ல கரைச்சா 0.1 எம் தானே, எதுக்கு இன்னொரு டைட்ரேஷன்?

பேப்பர்ல 0.1 எம். நிஜத்துல இல்ல. அந்த வெள்ளை வில்லைய தராசுல வச்சுட்டு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருங்க, ஈரத்த இழுத்து பளபளன்னு வேர்க்க ஆரம்பிச்சுரும், கூடவே காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து மேல கார்பனேட்டா மாறும். நீங்க எடை போட்ட 4 கிராம்ல எவ்ளோ ஹைட்ராக்சைடு, எவ்ளோ தண்ணின்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் அத வச்சு ஸ்டாண்டர்ட் சொல்யூஷன் (எடை போட்டே செறிவு சரியாத் தெரியுற சொல்யூஷன்) போட முடியாது, லிங்க் சொல்யூஷனா (ஸ்டாண்டர்டோட ஒப்பிட்டு செறிவு கண்டுபிடிச்சு, அத வச்சு ஆசிட்ட அளக்குறதுக்கு) மட்டும்தான் வச்சுக்குறோம்.

எடை போட்டு நம்பக்கூடியது ஆக்சாலிக் ஆசிட் படிகம். ரெண்டு தண்ணி மூலக்கூறோட சேத்து மோலார் நிறை 126.07. 1.576 கிராம் எடுத்து 250 மில்லில கரைச்சா 0.0500 எம். இதுல 20 மில்லி, 1.000 மில்லிமோல் ஆசிட். ஆக்சாலிக் ஒரு மோலுக்கு ரெண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு சாப்பிடும், அப்ப 2.000 மில்லிமோல் பேஸ் வேணும். பியூரெட்ல 20.4 மில்லி ஆச்சுன்னா 2.000 ÷ 20.4 = 0.0980 எம். மேல போட்ட நம்பர் இங்கருந்து வந்ததுதான்.

இத செய்யாம 0.1னே போட்டுருந்தா வினிகர் 4.23%ன்னு வந்துருக்கும். சின்ன வித்தியாசம்தான், ஆனா நீங்க எத்தனை தடவ டைட்ரேட் பண்ணாலும் அந்தத் தப்பு அப்படியே இருக்கும், மூணு ரீடிங்கும் அழகா ஒத்துப்போகும், விடை மட்டும் தப்பா இருக்கும். ரீடிங் ஒத்துப்போச்சுன்னா விடை சரின்னு நினைக்கிறவங்களுக்கு இத நான் திரும்பத் திரும்ப சொல்றது வழக்கம். பழைய சொல்யூஷன்னா அன்னைக்கே மறுபடி ஸ்டாண்டர்டைஸ் பண்ணிடுங்க, போன வாரம் லேபிள்ல எழுதுன நம்பர நம்பாதீங்க.

சல்ஃபூரிக் ஆசிட்ல விடை ரெண்டு மடங்கா வருது, எங்க தப்பு?

10 மில்லி சல்ஃபூரிக், 0.100 எம் சோடியம் ஹைட்ராக்சைடு 16.4 மில்லி ஆச்சுன்னு வைங்க. பேஸ் 1.64 மில்லிமோல். ஒரு சல்ஃபூரிக்குக்கு ரெண்டு ஹைட்ராக்சைடு, அதனால ஆசிட் 0.82 மில்லிமோல், செறிவு 0.082 எம். நீங்க ரெண்டால வகுக்காம விட்டதால 0.164 வந்துருக்கும். அந்த 0.164 தப்பான நம்பர் இல்ல, அது நார்மாலிட்டி, நீங்க பக்கத்துல எம்னு எழுதுனதுதான் தப்பு.

நார்மாலிட்டி இன்னும் எதுக்கு? மோலாரிட்டி மட்டும் போதாதா?

போதும். ஆனா பழைய லேப் புக்கு, பால் டெஸ்ட், தண்ணி டெஸ்ட் எல்லாம் நார்மாலிட்டிலதான் எழுதிருக்கும், படிக்கத் தெரிஞ்சிருக்கணும். மோலாரிட்டிய ஒரு மோல் ஆசிட் குடுக்குற எச் பிளஸ் எண்ணிக்கையால பெருக்குனா நார்மாலிட்டி, அவ்ளோதான்.

அசிட்டிக் ஆசிட் வீக் ஆசிட் தானே, அப்ப கம்மியாத்தான பேஸ் ஆகணும்?

இல்ல. இது ரொம்ப நல்ல கேள்வி, நிறைய பேருக்கு மனசுல இருக்கும், கேக்க மாட்டாங்க. 0.1 எம் ஹைட்ரோகுளோரிக்கோட பிஹெச் 1, 0.1 எம் அசிட்டிக்கோட பிஹெச் கிட்டத்தட்ட 2.9. பிஹெச் பேப்பர நனைச்சுப் பாத்தா ரெண்டும் வேற வேற ஆசிட் மாதிரிதான் தெரியும். ஆனா டைட்ரேட் பண்ணா ரெண்டுக்கும் ஒரே அளவு பேஸ்தான் ஆகும்.

காரணம், அசிட்டிக்ல எந்த நேரத்துலயும் நூத்துக்கு ஒன்னு ரெண்டு மூலக்கூறுதான் பிரிஞ்சு எச் பிளஸ் குடுத்துக்கிட்டு இருக்கும், ஆனா நீங்க ஹைட்ராக்சைடு ஊத்தி அந்த எச் பிளஸ எடுத்துட்டா உடனே அடுத்தது பிரியும், எடுக்க எடுக்க பிரிஞ்சுக்கிட்டே இருக்கும், கடைசி மூலக்கூறு வரைக்கும். பிஹெச் சொல்றது இப்ப வெளிய இருக்குற எச் பிளஸ், டைட்ரேஷன் சொல்றது மொத்தமா உள்ள இருக்குறது. அதனாலதான் பிஹெச் மீட்டர்ல ஒரு நம்பரப் பாத்துட்டு வினிகரோட சதவீதத்த சொல்ல முடியாது.

எந்த இண்டிகேட்டர் போடணும்? மெத்தில் ஆரஞ்சு தான் லேப்ல இருக்கு.

வினிகருக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டா அந்த ரீடிங்க தூக்கிப் போட்டுறலாம். மெத்தில் ஆரஞ்சு கலர் மாறுறது பிஹெச் 3.1லருந்து 4.4க்குள்ள. நம்ம வினிகர் கணக்குல ஆசிட் முழுசா தீருற இடத்துல பிஹெச் 8.7 கிட்ட இருக்கும், ஏன்னா அங்க மிச்சம் இருக்குறது சோடியம் அசிட்டேட், அதுவே லேசா காரத்தன்மை. மெத்தில் ஆரஞ்சு என்னடான்னா ஆரம்பத்துலயே மங்க ஆரம்பிச்சு, 4 மில்லி சொச்சம் போகும்போதே முழு மஞ்சளாகி நிக்கும், நமக்கு வேண்டியதோ 14.1. போதாக்குறைக்கு பளிச்சுன்னும் மாறாது, மெல்ல மெல்ல மாறும், எங்க நிறுத்துறதுன்னே தெரியாது.

பினாப்தலீன் மாறுறது 8.2லருந்து 10 வரைக்கும், அதுதான் இங்க பொருந்தும்.

ஹைட்ரோகுளோரிக்கும் சோடியம் ஹைட்ராக்சைடும்னா ரெண்டுல எது போட்டாலும் பரவால்ல. 20 மில்லிக்கு 20 மில்லி, ரெண்டும் 0.1 எம்னா, என்ட் பாயிண்ட்டுக்கு (ஆசிட் தீந்து கலர் மாறுற இடத்துக்கு) ஒரு சொட்டு முன்னாடி பிஹெச் 3.9, ஒரு சொட்டு பின்னாடி 10.1. அந்த ஒரு தாவல்லயே ரெண்டு இண்டிகேட்டரும் அடங்கிரும். சோடியம் கார்பனேட்ட ஸ்டாண்டர்டா வச்சு ஹைட்ரோகுளோரிக் பண்றீங்கன்னா மெத்தில் ஆரஞ்சு, அங்க பினாப்தலீன் போட்டா பாதி வழியில, கார்பனேட் பைகார்பனேட்டான உடனே கலர் போயிரும்.

பிங்க் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல போயிருச்சு. இன்னும் ஊத்தணுமா?

குலுக்கிட்டு ஒரு 30 செகண்ட் நின்னுச்சுன்னா அதுதான் என்ட் பாயிண்ட், எழுதிக்குங்க. அதுக்கப்புறம் மங்குறது காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு வர்றதால, அதத் துரத்திக்கிட்டு சொட்டு சொட்டா ஊத்துனா முடிவே கிடையாது. ரொம்ப வெளிர் பிங்க் போதும், ரோஸ்மில்க் மாதிரி ஆகிடுச்சுன்னா தாண்டிட்டீங்க.

எங்க லேப்ல ஆசிட்ட பியூரெட்லயும் சோடியம் ஹைட்ராக்சைட பிளாஸ்க்லயும் வைக்கச் சொல்றாங்க. அப்ப கணக்கு மாறுமா?

மோல் கணக்கு மாறாது, எந்த வால்யூம் யாரோடதுங்கறது மாறும். அதே டைல்யூட் வினிகர பியூரெட்ல ஊத்தி, 20 மில்லி சோடியம் ஹைட்ராக்சைட பிளாஸ்க்ல எடுத்தா, பேஸ் 20 × 0.0980 = 1.96 மில்லிமோல், பியூரெட் ரீடிங் 28.4 வரும், 1.96 ÷ 28.4 = 0.0690 எம். கடைசி இலக்கம் தவிர அதே விடை. இப்ப கலர் பிங்க்லருந்து கலரில்லாம ஆகும்.

இப்படி வைக்கச் சொல்றதுக்கு ஒரு நியாயமும் இருக்கு. கண்ணாடித் திருகு இருக்குற பியூரெட்ல காரத்த அப்படியே விட்டுட்டுப் போனா திருகு இறுகிப் பிடிச்சுக்கும், அப்புறம் திருப்பவே முடியாது. டெஃப்லான் திருகுன்னா கவலை இல்ல. எதுவா இருந்தாலும் முடிஞ்ச உடனே கழுவிடுங்க.

கோனிக்கல் பிளாஸ்க்க ஆசிட்ல அலசணுமா, தண்ணில அலசணுமா? உள்ள தண்ணி இருந்தா செறிவு குறையாதா?

தண்ணில மட்டும். செறிவு குறையும், ஆனா நமக்கு வேண்டியது உள்ள எத்தனை மோல் இருக்குங்கறது, அது பிப்பெட் விட்ட நிமிஷமே முடிவாயிருச்சு. சுவத்துல ஒட்டுன சொட்ட தண்ணி பீச்சி உள்ள இறக்குனாலும் ஒன்னும் ஆகாது. பிளாஸ்க்க ஆசிட்ல அலசுனாத்தான் கணக்குல வராத ஆசிட் உள்ள வந்துரும்.

பியூரெட்டும் பிப்பெட்டும் நேர் எதிர். அதுல எத ஊத்தப் போறீங்களோ அதாலயே அலசணும், தண்ணி மிச்சம் இருந்தா சொல்யூஷன் நீர்த்துப் போயிரும்.

ரீடிங் சேர மாட்டேங்குது. 14.1, 14.6, 13.9 இப்படி வருது.

பியூரெட் முனையில காத்துக் குமிழி இருக்கான்னு பாருங்க, முதல் காரணம் அதுதான். நடுவுல அந்தக் குமிழி வெளிய வந்துச்சுன்னா ஒரு ரீடிங் மட்டும் தனியா தள்ளி நிக்கும். அடுத்து, ஊத்துன புனல மேலயே விட்டுட்டீங்களா, அதுலருந்து சொட்டிக்கிட்டே இருக்கும். அடுத்து, கண்ணு மட்டம், கீழ் வளைவ நேரா பாக்கணும், ஏறி நின்னு பாத்தா ஒரு ரீடிங், குனிஞ்சு பாத்தா ஒரு ரீடிங். பிப்பெட்டோட கடைசி சொட்ட சில பேர் ஊதி விடுவாங்க, சில பேர் விட மாட்டாங்க, சாதாரண பிப்பெட்ல ஊதக் கூடாது, முனைய பிளாஸ்க் சுவத்துல தொட்டு எடுத்தா போதும், உள்ள நிக்கிற துளி அங்கயே நிக்கட்டும். வாயால உறிஞ்சுறத பத்தி தனியா சொல்லணுமா, பல்ப் வாங்கி வைங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் சேரலன்னா ஸ்டாண்டர்ட் பிளாஸ்க்க மறுபடி கலக்குங்க.

எலுமிச்சம்பழச் சாறுக்கும் இதே மாதிரி பண்ணலாமா?

தாராளமா. அதுல சிட்ரிக் ஆசிட், மோலார் நிறை 192.12, மூணு எச் பிளஸும் பினாப்தலீன் மாறுறதுக்குள்ள தீந்துரும். வடிகட்டுன சாறு 10 மில்லிய 100க்கு டைல்யூட் பண்ணி, 20 மில்லி எடுத்து, அதே 0.0980 எம் பேஸ் 19.0 மில்லி ஆச்சுன்னா: 1.862 மில்லிமோல் பேஸ், மூணால வகுத்தா 0.621, இருபதால வகுத்தா 0.0310 எம், பத்து மடங்கு 0.310 எம், லிட்டருக்கு 59.6 கிராம். 6% கிட்ட. எலுமிச்சைக்கு இது நம்பக்கூடிய நம்பர்தான்.

ஒன்னு மட்டும் கவனம். டைட்ரேஷனுக்கு எந்த ஆசிட்னு தெரியாது. சாறுல கொஞ்சம் மாலிக், கொஞ்சம் அஸ்கார்பிக் இருக்கும், எல்லாத்தையும் சேத்து சிட்ரிக்குன்னு எண்ணிடுது. அதனாலதான் ரிப்போர்ட்ல "மொத்த அமிலத்தன்மை, சிட்ரிக் ஆசிட்டாக"ன்னு எழுதுவாங்க. பால்லயும் அதே கதைதான், லாக்டிக் ஆசிட்டாகன்னு போட்டுருப்பாங்க, ஆனா புதுசா கறந்த பால்ல லாக்டிக் ஆசிட்டே கிட்டத்தட்ட இல்ல, புரதமும் பாஸ்பேட்டும்தான் அந்த பேஸ சாப்பிடுது.

பாஸ்பாரிக் ஆசிட்ல மூணு எச் இருக்கே, மூணால வகுக்கணுமா?

கூடாது. சிட்ரிக் மாதிரி இல்ல இது. மெத்தில் ஆரஞ்சு போட்டா முதல் எச் மட்டும், பினாப்தலீன் போட்டா ரெண்டு எச் வரைக்கும், மூணாவது தண்ணில இண்டிகேட்டருக்குப் பிடி குடுக்கவே குடுக்காது, அவ்ளோ வீக். அதனால எந்த இண்டிகேட்டர் போட்டீங்கங்கறதப் பொறுத்து ஒன்னாலயோ ரெண்டாலயோ வகுக்கணும். மூலக்கூறுல எத்தனை எச் இருக்குன்னு எண்ணுனா பத்தாது, எத்தனை தீருதுன்னு பாக்கணும்.

ஆப்பிள் சைடர் வினிகர் பழுப்பா இருக்கு, பிங்க் தெரியல.

இன்னும் டைல்யூட் பண்ணுங்க, கீழ வெள்ளை பேப்பர் வைங்க, பக்கத்துல டைட்ரேட் பண்ணாத ஒரு பிளாஸ்க்க வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. அதுக்கும் தெரியலன்னா பிஹெச் மீட்டர உள்ள விட்டு, பேஸ் ஊத்த ஊத்த பிஹெச்ச குறிச்சு கிராஃப் போட்டு, சட்டுன்னு ஏறுற இடத்தோட நடுவ எடுத்துக்கலாம். வேலை கூட, ஆனா கலரோட சண்டை இல்ல.

கடையில வாங்குன கான்சன்ட்ரேட்டட் ஹைட்ரோகுளோரிக்க எப்படி பாக்குறது?

அது 12 எம் கிட்ட இருக்கும். 10 மில்லிய 1 லிட்டருக்கு டைல்யூட் பண்ணா 0.12 எம் வாக்குல வரும், அப்புறம் மேல சொன்னதுதான், கடைசியில நூறால பெருக்கணும். பிளாஸ்க்ல முதல்ல பாதிக்கு மேல தண்ணி இருக்கணும், அதுல ஆசிட்ட விடணும், ஆசிட்ல தண்ணிய விடக் கூடாது. புகை வரும், ஜன்னலத் திறந்து வைங்க, கண்ணாடி போடுங்க.

பியூரெட், இண்டிகேட்டர் எல்லாம் இல்லாத காலத்துல எப்படி பண்ணாங்க?

வினிகர்தான் அங்கயும். 1729ல பிரான்ஸ்ல ஜியோஃப்ராய்னு ஒருத்தர் வினிகரோட வீரியத்த அளக்க பொட்டாசியம் கார்பனேட் பொடிய கொஞ்சம் கொஞ்சமா போட்டு, நுரைக்கிறது நிக்கிற வரைக்கும் எவ்ளோ ஆச்சுன்னு பாத்துருக்கார். நுரை நிக்கிறதுதான் அவருக்கு என்ட் பாயிண்ட். பினாப்தலீன பேயர்ங்கற ஜெர்மன் வேதியியலாளர் தயாரிச்சதே 1871லதான்.

கால்குலேட்டர்ல 0.06909 வருது, அப்படியே எழுதலாமா?

பியூரெட்ல 0.1 மில்லி வரைக்கும்தான் கோடு. 14.1ல 0.1ன்னா 0.7%. அதனால மூணு இலக்கம், 0.0691, அதுக்கு மேல எழுதுறதெல்லாம் கால்குலேட்டர் சொன்னது, பியூரெட் சொன்னது இல்ல. வினிகர் சதவீதம் 4.15ன்னு எழுதுறதுலயும் அந்தக் கடைசி 5 ரெண்டு மூணு இங்குட்டும் அங்குட்டும் போகும்.